பதினாறு பிள்ளைகளுக்கும் தெரியும்

பிப்ரவரி 1, வியாழன்

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். "தினமும் எழுதுங்கம்மா. வந்தா எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை நிமிஷம் இருந்துச்சு, முந்தின ராத்திரி நல்லாத் தூங்கினாளா, எல்லாம் எழுதணும். வரலைன்னா வரலைன்னு எழுதுங்க." அதற்காகத்தான் இந்த நோட்டு.

அட்டையில் பெயர், வகுப்பு என்று இரண்டு கோடு இருந்தது. பெயர்: கோகிலாமணி. வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'மூன்றாம் வகுப்பு தாரணியின் அம்மா' என்று எழுதினேன்.

வருவது என்ன என்று அதன் பேரை மட்டும் எழுத மாட்டேன். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒறம்பரை, சொந்தக்காரர்கள், கையில் கிடைத்ததை எல்லாம் புரட்டிப் பார்க்கிறவர்கள். 'அது' என்று எழுதினால் எனக்கும் டாக்டருக்கும் புரியும். போதும்.

இன்று அது வரவில்லை. காலை மாத்திரை ஏழு மணி. மாலை மாத்திரை ஏழு மணி.

பிப்ரவரி 2, வெள்ளி

வரவில்லை. பனியன் கம்பெனியிலிருந்து பிசிறு நூல் வெட்ட இரண்டு மூட்டை வீட்டுக்கு வந்தது. குழந்தைகள் பனியன், மஞ்சள் நிறம். கண் கூசுகிறது.

பிப்ரவரி 5, திங்கள்

வரவில்லை.

டாக்டருக்கு வேண்டாத விஷயங்களையும் எழுதத் தோன்றுகிறது. பத்தாவது முடித்தபின் நான் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தான். அதிலும் பாதி, பள்ளி மேலாண்மைக் குழு நோட்டில் போட்டது. கருங்காட்டுப்புதூர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் குழுவுக்கு நான் தலைவி. விரும்பி ஆனதில்லை. கூட்டத்துக்கு ஐந்து அம்மாக்கள் வந்தோம். நாலு பேர் என்னைக் கை காட்டினார்கள். பள்ளியில் மொத்தமே பதினேழு பிள்ளைகள். இரண்டு வாத்தியார்: தலைமை ஆசிரியை செல்வநாயகி டீச்சர், அப்புறம் ஜான்சன் சார்.

இன்று கூட்டம். டீச்சர் சேர்க்கையைப் பற்றிப் பேசினார். வருகிற வருடம் பிள்ளைகள் இன்னும் குறைந்தால் நம் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறதாம். பக்கத்து ஊர் என்றால் பைபாஸைத் தாண்டிப் போக வேண்டும். "நம்ம பள்ளிக்கூடத்தப் பத்தி நாமதான் நாலு பேருகிட்டச் சொல்லோணும் கோகிலா. எனக்காக விளம்பரம் போட ஆளில்லீங்க" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் வேறு கதை சொல்கிறார். இவர் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறார். டிரைவர் பிள்ளைக்கு நாலாவதில் இலவச சீட்டுத் தருவதாகத் தாளாளர் வாயால் சொன்னாராம்.

"என்ற வேன்லயே போயிட்டு வந்துருவா. இங்கிலீஷும் வரும்."

"அவங்களுக்கு நம்ம புள்ளையப் பத்தித் தெரியுமாங்க?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பிப்ரவரி 8, வியாழன்

வரவில்லை. தாரணியைக் கூப்பிடப் பள்ளிக்குப் போனேன். மூன்றாம் வகுப்பு மூலையில் புதிதாகக் கோரைப்பாய் விரித்திருக்கிறது. கூரான முனை உள்ள இரும்பு டெஸ்க்கை வெளியே போட்டுவிட்டார்கள். எதற்கென்று நான் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குத் தெரியக் கூடாதுங்க டீச்சர், பொட்டப்புள்ள" என்று அழுதேன். "நீங்களாச் சொல்ற வரைக்கும் என் வாயிலிருந்து வராதுங்க" என்றார். அவ்வளவுதான். ஆறுதல், புத்திமதி எதுவும் சொல்லவில்லை. கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வந்தது. காலை 10.40. பள்ளியில். முந்தின நாள் சளி, காய்ச்சல், தூக்கம் குறைவு. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை. மொத்தம் எட்டு நிமிடம் என்று டீச்சர் சொன்னார்.

டாக்டருக்கு இவ்வளவு போதும். மீதி எனக்கு.

ஜான்சன் சார் பயிற்சிக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்களாம். பிசிறு வெட்டிய பனியன்களை எடுக்க வந்த கம்பெனி வேனை டீச்சர் ரோட்டில் நின்று கை காட்டி நிறுத்தி, தாரணியை மடியில் போட்டுக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பிள்ளைகளைச் சத்துணவு சமைக்கிற ருக்குமணியக்கா பார்த்துக்கொண்டார். நான் டி.வி.எஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டுத் தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் சேலையில் வாந்தி. அதை ஓரமாகச் சொருகிக்கொண்டு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன் கோகிலா. அங்க யாருமில்லை."

அந்தச் சேலையோடு பஸ் ஏறிப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னேனா என்று நினைவில்லை.

பிப்ரவரி 14, புதன்

வரவில்லை. தாரணி வீட்டில் இருக்கிறாள். ரசம் சோறு சாப்பிட்டாள்.

நேற்று அத்தனை பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். இன்று ஊரே வாசலில் வந்து நிற்கும் என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. தண்ணீர்க் குழாயில் ஒருவரும் கேட்கவில்லை. புரியவில்லை.

ஆனால் சாயங்காலம் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. தறிக்கூடம் வைத்திருக்கிற லோகநாதண்ணன் எடுத்தது. அவர் மகள் சஷ்டிகா ஐந்தாவது படிக்கிறாள். ஏதோ சான்றிதழில் கையெழுத்து வாங்க நேற்றுப் பதினொன்றரைக்குப் பள்ளிக்குப் போயிருக்கிறார். வீடியோவில் டீச்சர் நாற்காலி காலியாக இருக்கிறது. "பாருங்க, ஒரு வாத்தியார் இல்ல. புள்ளைகளச் சமையக்காரம்மா பாத்துக்குது. கெவுருமெண்டு பள்ளிக்கூடத்து லட்சணம் இதுதானுங்க." கீழே நாற்பது பேர் கோப முகம் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 15, வியாழன்

வரவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

வரவில்லை. தாரணி பள்ளிக்குப் போனாள்.

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் டீச்சர்மேல் மனு கொடுத்துவிட்டார்களாம். பள்ளி நேரத்தில் சொந்த வேலையாக வெளியே போனார் என்று எழுதியிருக்கிறதாம். மூன்று வீட்டில் வருடக் கடைசியில் டி.சி. வாங்கப் போவதாகச் சொல்கிறார்கள். பதினேழில் மூன்று போனால் பதினான்கு. ஐந்தாவது படிக்கிற நாலு பேரும் வெளியே போவார்கள். பத்து.

குழாயடியில் ஒரு அக்கா என்னைப் பார்த்து, "நீதான தலைவி, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா அந்தம்மாவ?" என்றது. குடம் நிறைந்துவிட்டது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

வரவில்லை.

வட்டாரக் கல்வி அலுவலர் விசாரணைக்கு வந்தார். சுகுமாரன் சார் என்று பெயர். குழுத் தலைவி என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். நான் உட்காரவில்லை. ருக்குமணியக்காவிடம் டீ போட்டு வாங்கி வந்து கொடுத்தேன், பிஸ்கட் வைத்தேன், காற்றாடியைப் போட்டேன்.

"பதிமூணாம் தேதி எங்க போனீங்க மேடம்?"

"ஒரு மாணவிக்கு உடம்பு சரியில்லை சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"எந்த மாணவி?"

"அந்தப் பெற்றோர் சம்மதமில்லாமப் பேர் சொல்ல மாட்டேன் சார்."

"ஆஸ்பத்திரிச் சீட்டாவது குடுங்க."

"அதுலயும் பேர் இருக்குங்களே சார்."

அவர் பேனாவை மூடினார். மனிதர் கோபக்காரராகத் தெரியவில்லை. "நான் என்னன்னு எழுதறது, சொல்லுங்க? பேரில்லாத புள்ளைக்குக் காய்ச்சல்னு எழுத முடியுமா? நீங்க வந்தப்பறம் இந்தப் பள்ளி எப்படி மாறிச்சுன்னு எனக்குத் தெரியும் மேடம். ஆனா ஃபைல் கேக்குமே. மார்ச் ஒண்ணாந்தேதி பெற்றோர் கூட்டம் போடுங்க. நானும் வர்றேன். அதுக்குள்ள விளக்கம் தரலைன்னா மேல அனுப்பிருவேன். மாறுதலும் வரலாம், அதுக்கு மேலயும் வரலாம்."

"சரிங்க சார்."

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும். பிஸ்கட் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, சனி

வரவில்லை. டீச்சருக்குப் போன் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஜான்சன் சார் நல்லா இருக்காருங்களா?" என்றேன். நேற்றுத்தான் பார்த்தேன் அவரை.

"நல்லா இருக்கார்" என்றார் டீச்சர். அப்புறம், "கோகிலா, நீங்க எதையும் யோசிக்க வேண்டாம். அது உங்க வீட்டு விஷயம். நான் குடுத்த வாக்கு நான் குடுத்தது. புள்ளை மாத்திரை சாப்பிடறாளா?" என்றார்.

"சாப்பிடறாளுங்க."

"அது போதும்."

இந்தம்மா இங்கே வந்து ஆறு வருடம். வந்தபோது ஒன்பது பிள்ளைகள். கக்கூஸுக்குக் கதவில்லாமல் பெண் பிள்ளைகள் மதியமே வீட்டுக்கு ஓடிவரும். கதவுக்காக ஊராட்சி ஆபீஸுக்கு டீச்சர் நடந்த நடை எனக்குத் தெரியும். இங்கிலீஷ் கதைப் புத்தகங்களை வாரத்துக்கு ஒன்று என்று வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார். தாரணி எனக்குப் படித்துக் காட்டுகிறாள். மார்கழியில் வீட்டில் மயக்கம் தெளிந்து எழுந்து பள்ளிக்குப் போன பிள்ளையை அன்றைக்கே கரும்பலகைக்குக் கூப்பிட்டு வட்டம் போடச் சொன்னவர் டீச்சர். "எல்லாரும் பாவம்னு பாத்தா அவளும் தன்னைப் பாவம்னு நினைச்சுக்குவா" என்றார். இதையெல்லாம் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 26, திங்கள்

வரவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வரவில்லை. மூட்டை முடியவில்லை. இரண்டு பனியனைப் பிசிறோடு சேர்த்துத் துணியையும் வெட்டிவிட்டேன்.

பிப்ரவரி 29, வியாழன்

வரவில்லை.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். நாளைக்குக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? ஊர் முன்னாடி சொல்லிட்டா நாளைக்கு இவளக் கட்டிக் குடுக்க ஒரு எடம் வேண்டாமா? என்ற அக்கா ஊட்டுல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"டீச்சருக்கு?"

"அவங்க கெவுருமெண்டு உத்தியோகம். எங்க மாத்தினாலும் வேலை இருக்கும்."

"நம்ம புள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் எங்கீங்க இருக்கு? உங்க பள்ளிக்கூடத்துல இவளுக்கு இப்படின்னு தெரிஞ்சா ஒரு நாள் வெச்சுக்குவாங்களா? அந்த டீச்சர் தெரிஞ்சேதான வெச்சுக்கிட்டாங்க? தெரிஞ்சேதான மடியில போட்டுத் தூக்கிட்டு ஓடினாங்க?"

இவர் வேனைக் கழுவப் போய்விட்டார். ஏற்கனவே கழுவிய வேன்.

தாரணியிடமும் கேட்டேன். அவள் உடம்பு, அவளிடம் கேட்காமல் எப்படி? "உனக்கு வர்றதப் பத்தி நாளைக்குக் கூட்டத்துல சொல்லட்டுமா கண்ணு?"

"சொல்லிக்கம்மா. அவங்களுக்கெல்லாம் தெரியுமே."

யாருக்கு என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டாள். பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

வரவில்லை.

எழுத நிறைய இருக்கிறது.

மூன்று மணிக்குக் கூட்டம். இவ்வளவு பேர் இந்தப் பள்ளிக்கு வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் படிக்காத வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுகுமாரன் சார் மேஜைக்குப் பின்னால். டீச்சர் ஓரத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

லோகநாதண்ணன்தான் முதலில் எழுந்தார். "எனக்கு டீச்சர்மேல தனிப்பட்ட கோபம் எதுவுமில்லீங்க. எங்கண்ணால பாத்தேன், வாத்தியார் இல்ல. நாங்க நம்பித்தான புள்ளைய அனுப்பறோம்? எங்க போனீங்கன்னு கேட்டா பதில் சொல்லோணுமில்லீங்களா?" கூட்டம் ஆமாம் என்றது. அவர் கேட்டது நியாயம்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"மேடம், ஏதாச்சும் சொல்றீங்களா?" என்றார் சுகுமாரன் சார்.

டீச்சர் எழுந்து, "அன்னைக்குப் பள்ளியில ஆசிரியர் இல்லாம இருந்தது உண்மைதானுங்க. அதுக்கு நான்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. கால் தானாக நின்றது.

"நான் பேசறேனுங்க. எனக்குப் பேசிப் பழக்கமில்லைங்க, தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. அன்னைக்கு டீச்சர் தூக்கிட்டுப் போனது என்ற புள்ளையத்தானுங்க. தாரணிய. அவளுக்கு வலிப்பு வருமுங்க."

சொல்லிவிட்டேன். இந்த நோட்டில் ஒரு மாதமாக எழுதாத வார்த்தை. வலிப்பு. இதோ எழுதியும்விட்டேன். என் தாரணிக்கு வலிப்பு நோய் இருக்கிறது.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான் டீச்சர் கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டேனுங்க. எனக்குக் குடுத்த வாக்குக்காக அவங்க இத்தன நாளாப் பேச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. சார் முன்னாடி அவங்க பேர் சொல்லாம இருந்தப்ப நான் அதே ரூம்ல பிஸ்கட் வெச்சுக்கிட்டு இருந்தேனுங்க. நான் பண்ணுனதுதான் தப்பு. அவங்க அன்னைக்குப் போகாம ரூல்ஸ் பாத்துக்கிட்டு நின்னிருந்தா இன்னைக்கு என்ற புள்ளை இங்க உக்காந்திருப்பாளான்னு தெரியாதுங்க."

அதற்கு மேல் வரவில்லை. நூறு ஜோடிக் கண் வராந்தாவில் தாரணியைத் தேடியது. பிள்ளை பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அப்போது வராந்தாவிலிருந்து சஷ்டிகா எழுந்தாள். லோகநாதண்ணன் மகள்.

"எங்களுக்குத் தெரியும்ங்க சார்."

"என்னம்மா தெரியும்?"

"தாரணிக்கு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெக்கோணும். வாயில எதுவும் வெக்கக் கூடாது. கையில சாவி, இரும்பு எதுவும் குடுக்கக் கூடாது. அமுக்கிப் புடிக்கக் கூடாது. நான் கடிகாரம் பாக்கோணும். கிரிதரன் டெஸ்க்க நகத்தோணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா டீச்சர்கிட்டச் சொல்லோணும். தாரணியே எங்ககிட்டச் சொன்னா, அப்பறம் என்ன பண்ணோணும்னு டீச்சர் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. செஞ்சு பாத்திருக்கோம்."

மற்ற பிள்ளைகள் தலையாட்டினார்கள். தாரணியோடு பதினேழு, அவளைத் தவிர்த்தால் பதினாறு. ஒன்றாவது படிக்கிற சின்னது கூட ஆட்டியது.

லோகநாதண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "ஏம்புள்ள, இத்தன நாளா ஊட்டுல ஒரு வார்த்த சொல்லலையே?"

"டீச்சர் சொல்ல வேண்டாம்னு சொல்லலீங்கப்பா. அது தாரணியோட விஷயம், அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப அவளே ஊருக்குச் சொல்லுவான்னு சொன்னாங்க. அதான் நாங்க சொல்லல."

நாலு மாதம். பதினாறு பிள்ளைகள். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை. ஒரு வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. ருக்குமணியக்காவும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு ஊருக்குப் பயந்து கிடந்தபோது இதுகள் என் பிள்ளையைச் சுற்றி நின்றிருக்கின்றன.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ற புள்ளைதானுங்க." இவர். காக்கிச் சட்டையோடு. வேனை அவர்கள் பள்ளிப் பேரோடு கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு எப்போது வந்தாரோ தெரியவில்லை. "நானும் சொல்லியிருக்கோணும். சொல்லல. டீச்சர் மன்னிக்கோணும்." அவ்வளவுதான் பேசினார். அது போதும் எனக்கு.

லோகநாதண்ணன் டீச்சர் முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். "கேட்டுட்டு வீடியோ போட்டிருக்கோணும் டீச்சர்."

"நீங்க கேக்கறது சரிதானுங்க. இன்னும் ரெண்டு வாத்தியார் இருந்தா நான் போனாலும் நாற்காலி காலியா இருக்காது. அதையும் சேர்ந்து கேளுங்க" என்றார் டீச்சர்.

சுகுமாரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுத்துல தர முடியுங்களாம்மா?"

"தர்றேனுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொல்லி டீச்சரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் தாளை முகத்துக்கு நேராகவே வைத்திருந்தார். பிழை எதுவும் இல்லை என்றார்.

மார்ச் 2, சனி

வரவில்லை. இரண்டு மூட்டைப் பிசிறும் முடித்தேன். குழாயடியில் அந்த அக்கா என் குடத்தை முன்னால் வைத்துப் பிடித்துக் கொடுத்தது.

மார்ச் 7, வியாழன்

வரவில்லை. விசாரணையை முடித்துவிட்டார்கள். மாணவியின் உயிரைக் காக்கச் சென்றார், நடவடிக்கை தேவையில்லை என்று சுகுமாரன் சார் எழுதியிருக்கிறார். டீச்சர் போனில் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "சரி, வர்ற சனிக்கிழமை சேர்க்கைக்கு வீடு வீடாப் போகோணும். நீங்க மேற்கு வீதி எடுத்துக்குவீங்களா?" என்றார்.

மார்ச் 9, சனி

வரவில்லை.

மேற்கு வீதியில் பதினொரு வீடு. என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதல் வீட்டில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கக்கூஸ் கதவைப் பற்றி, கதைப் புத்தகத்தைப் பற்றி, கோரைப்பாயைப் பற்றி. "இங்கிலீஷ் வருமா?" என்றாள் ஒருத்தி. தாரணியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தாள். நடுவில் ஒரு வார்த்தை தெரியாமல் நின்று, எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டாள். அப்படி நின்று சொன்னதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை வந்ததோ என்னவோ. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

வெயில் தாங்கவில்லை. நாலு வீட்டில் மோர் கொடுத்தார்கள். நாலையும் குடித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

வரவில்லை. லோகநாதண்ணன் தறிக்கூடத்துச் சுவரில் சேர்க்கை விளம்பரம் எழுத ஆள் வைத்திருக்கிறார். டீச்சரின் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னாராம். டீச்சர் போய் அழிக்கச் சொல்லிவிட்டார். பள்ளியின் பெயர் மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

வந்தது. காலை 6.10. வீட்டில். இரண்டு நிமிடம். தானாக நின்றது. இவர்தான் கடிகாரம் பார்த்தார். இவர் அக்கா வந்திருந்தார், பார்த்துவிட்டார். தாரணிக்குத் தலை வாரிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 12, வெள்ளி

வரவில்லை.

இவர் வேலை முடிந்து வந்து, டீ குடித்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். "தாளாளர் கூப்பிட்டாரு. ஊர்ல பேசிக்கறதக் கேட்டிருப்பாராட்ட இருக்குது. இந்த வருஷம் சீட்டு நெறஞ்சு போச்சு, அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புள்ளைக்கு இடம் பாத்தாச்சுங்க சார், வேண்டாம்னேன்."

மார்ச் 1க்குப் பிறகு இவர் சிரித்து நான் பார்த்தது இன்றுதான். நானும் சிரித்தேன். தாரணி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, அடுத்த வருடமும் உனக்குச் செல்வநாயகி டீச்சர்தான் என்றேன். "அது எனக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள். இந்தப் பிள்ளைக்கு எல்லாம் முன்னாடியே தெரிந்துவிடுகிறது.

மே 21, செவ்வாய்

வரவில்லை. கோயமுத்தூர் போய் வந்தோம். டாக்டர் நோட்டை வாங்கித் தேதிகளை மட்டும் பார்ப்பார் என்று நினைத்தேன். நடுப்பக்கத்தில் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே டோக்கன் வைத்திருக்கிற கூட்டம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மார்ச் 1 வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த டீச்சர் நம்பர் குடுங்கம்மா. இங்க வர்ற எத்தனையோ குடும்பம் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டேங்கறாங்கன்னு அழறாங்க. நான் அவங்ககிட்டப் பேசணும்" என்றார். மாத்திரை அளவை மாற்றவில்லை.

ஜூன் 10, திங்கள்

வரவில்லை.

பள்ளி திறந்தாயிற்று. டி.சி. வாங்குவதாகச் சொன்ன மூன்று வீடும் வாங்கவில்லை. ஐந்தாவது முடித்துப் போன நாலு போக, புதிதாக ஒன்பது. இருபத்திரண்டு. டீச்சர் கூட்டல் போட்டுவிட்டு மறுபடியும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார். பக்கத்து ஊரோடு சேர்க்கிற பேச்சு இப்போதைக்கு யார் வாயிலும் இல்லை.

நான் விண்ணப்பங்களை அடுக்கிக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய பத்து மணிக்கு ஒருவர் வந்தார். இந்த ஊர்க்காரர் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். டவுன் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராம். கூடவே எட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை, பெயர் மகிழினி. நெற்றியில் பழைய தழும்பு. அப்பாவின் சட்டை நுனியை விடவே இல்லை.

அவர் பையிலிருந்து இரண்டு டி.சி.யை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு பள்ளி. முதலில் என்னைப் பார்த்தார், அப்புறம் டீச்சரைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்துப் பேசினார்.

"கோயமுத்தூர் டாக்டர்தான் இங்க போங்கன்னு சொன்னாருங்க. என்ற புள்ளைக்கும் வலிப்பு வருமுங்க. முன்னாடியே சொல்லிர்றேன். சொல்லாமச் சேத்திட்டு அப்பறம் தெரிஞ்சு அனுப்பறது... அவளால தாங்க முடியலீங்க. ரூம் எடுத்து இந்த ஊருக்கே குடி வந்தர்றோம். சேத்துக்குவீங்களா?"

நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் இருக்கையை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அந்தப் பிள்ளை முன்னால் குனிந்தார்.

"மகிழினி, உனக்கு எங்க உக்காரப் புடிக்கும்? ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஜன்னல்" என்றது.